பராயமடைந்த பிள்ளையும் நீண்ட காத்திருப்பும்

ஒரு குடும்பம் ஒரு நாட்டை விட்டு மற்றொரு நாட்டில் குடியேற விரும்பும்போது, சட்டம் பிள்ளையின் வயதைக் கேட்கிறது. பராயமடையாத பிள்ளை பெற்றோரின் விண்ணப்பத்திலேயே அடங்கிவிடும். பராயமடைந்த மகனோ, பெற்றோருடன் ஒரே லயத்தில் வாழ்ந்து ஒரே அடுப்பில் உண்டாலும், சட்டத்தின் பார்வையில் தனி மனிதன். அவனுக்குத் தனி விண்ணப்பம், தனி விசாரணை, தனி வரிசை.

இவ்விதியின் விளைவை வட்டகொடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்கள் நன்கறியும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றவராயிருந்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் இணங்கின. 1964இல் முடிவானவை 15 ஆண்டுகளில் நிறைவேற வேண்டுமென்பது முதல் உடன்படிக்கையின் எண்ணம்.

ஆயினும் காத்திருப்பு ஏன் நீண்டது? காரணங்கள் இரண்டு. ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே ஆராயப்பட்டது முதலாவது. இந்தியா செல்வோரின் தொகைக்கு ஒத்த விகிதத்திலேயே இலங்கைப் பிரஜாவுரிமையும் வழங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை இரண்டாவது. ஏழு பேருக்கு நால்வர் என்பது அக்கணக்கு. ஆகவே இலங்கையில் தங்க விரும்பிய ஒருவரின் காத்திருப்பு, முன்பின் அறியாத வேறு எழுவரின் பயணத்தைப் பொறுத்ததாயிற்று.

இதனால், தந்தை இந்தியாவுக்கு எழுத, மணமான மகன் இலங்கைக்கு எழுதிய வீடுகள் பிளவுபட்டன. கடவுச்சீட்டு கிடைத்த பெற்றோர், சேமலாப நிதியைப் பெற்றுக்கொண்டு தலைமன்னாருக்குப் புறப்பட்டனர். அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம், பின்னர் மண்டபம் முகாம். அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை மலைநாட்டு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர். 1984இல் கப்பற் போக்குவரத்து நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போக இயலாதவர் பலர். 1988ஆம் ஆண்டின் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே இச்சிக்கல் தீர வழி பிறந்தது. 1964இல் கைக்குழந்தையாயிருந்தவர் அப்போது நாற்பது வயதை எட்டியிருந்தார்.

வெளிநாடு செல்லும் குடும்பங்களை இவ்விதி இன்றும் விடவில்லை. கனடாவில் 22 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளையே பொதுவாகச் சார்ந்திருப்பவராகக் கொள்ளப்படும். அமெரிக்காவில் 21 வயது நிரம்பிய பிள்ளைக்குத் தனிப் பிரிவும் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு இடங்களுமே உண்டு. விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சும்போது வரிசை ஆண்டுக்கணக்கில் நீளும். நிரந்தர வதிவுரிமை மட்டும் பெற்ற பெற்றோர் அழைத்த பிள்ளை, காத்திருக்கும் காலத்தில் மணம் செய்துகொண்டால் அப்பிரிவில் தன் இடத்தையே இழந்துவிடும்.

எனவே நேயர்களே, பிறப்புச் சான்றிதழில் பெயரும் திகதியும் பிழையின்றி இருக்கட்டும். பிள்ளை பராயமடையும் நாளை முன்கூட்டியே கணக்கிட்டு விண்ணப்பம் அனுப்புங்கள். ஒரு மாதத் தாமதம், தாயையும் மகனையும் பல ஆண்டுகள் பிரித்து வைக்கக்கூடும்.