பெர்செர்க்: முதன்முறை வாசிப்பவருக்கு

ஜப்பானியக் கலைஞர் கென்டாரோ மியூரா 1989-இல் தொடங்கிய இருண்ட மாயக்கதை 'பெர்செர்க்'. இந்த காமிக்ஸின் தொடக்கத்தில், கட்ஸ் என்ற ஒற்றைக்கண் வாள்வீரன் ஈவு இரக்கமற்றவனாகவே தெரிவான். அங்கேயே மூடி வைத்துவிடாதீர்கள்! மூன்றாம் பாகத்தில் கதை அவன் பிறப்புக்கே திரும்பி, அந்த வெறி எங்கிருந்து வந்தது என்று காட்டத் தொடங்கும். வலமிருந்து இடமாகப் படியுங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் நின்று பாருங்கள். கவசத்தின் கீறலைக்கூட மெல்லிய மைக்கோடுகளால் இழைத்திருக்கிறார் மியூரா. கொடூரக் காட்சிகள் மிகுதி. பெரியவர்களுக்கு மட்டுமே ஏற்றது. 2021-இல், 54 வயதில் அவர் காலமானார். முழுக்கதையையும் அவர் வாயாலேயே கேட்டிருந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், மியூராவின் உதவியாளர்கள் 2022 முதல் தொடரை வரைந்துவருகிறார்கள்.