வைக்கோலுக்குத் திப்பி துணை

மாசி முடிவதற்குள் சோளத்தட்டுப் போர் பாதியாகிவிட்டால், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் அடுத்து விசாரிப்பது திப்பி விலையைத்தான். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப்பாலை வடித்தபின் சல்லடையில் தங்கும் சக்கை அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் காலூன்றிய தொழிலின் மிச்சம். ஆலைக் களத்தில் அது காயும்போது எழும் புளித்த வாடை இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்.

திப்பியில் மாவுச்சத்து ஏராளம். புரதமோ நூற்றுக்கு 2, 3 பங்கு தேறினாலே அதிகம். வைக்கோலும் அப்படித்தான், புரதம் குறைச்சல். பஞ்சத்தில் இந்த இரண்டை மட்டும் தின்ற மாடு வயிறு நிறைந்தும் விலா தெரிய நிற்பது இதனால்தான். மாட்டின் முதல் வயிற்றில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாரைச் செரிப்பவை அவைதான். அவை பெருகுவதற்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தின்ற வைக்கோல் செரிக்காமல் தங்கிவிடும், மாடும் தீனி எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

அந்த நைட்ரஜனை யூரியா கொடுக்கும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, காற்று புகாமல் மிதித்து, தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடிவைக்க வேண்டும். உள்ளே யூரியா அம்மோனியாவாக மாறி நாரின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. பிரித்ததும் மூக்கைத் துளைக்கும். சற்று நேரம் ஆறவிட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. அவசரத்தில் யூரியாவைத் தண்ணீர்த் தொட்டியில் கரைத்துவிட்டால் மாடே போய்விடும்.

இங்கேதான் திப்பி உண்மையாக உதவுகிறது. அம்மோனியாவைப் புரதமாக மாற்றும் நுண்ணுயிர்களுக்கு உடனடிச் சக்தியாகத் திப்பியின் மாவு கிடைக்கிறது. ஆனால் ஒரேயடியாகக் கொட்டினால் வயிறு புளித்து, மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். கொஞ்சத்தில் தொடங்கிக் கூட்டுவதே சரி. பூஞ்சை பிடித்ததைத் தொடவே கூடாது.

கிழங்கு பிடுங்கும்போது வயலில் வீணாகும் மரவள்ளித் தழையில் நல்ல புரதம் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பச்சையாகப் போட்டால் அதிலுள்ள சயனைடு மாட்டைக் கொல்லும். நறுக்கிப் பரப்பி, கையில் நொறுங்குமளவு காயவைத்தால் நஞ்சு பெரும்பாலும் போய்விடும். அதன்பின் தட்டோடு அளவாகக் கலந்து போடலாம்.