மூச்சு விட 539 டாலர்! மருந்து வாங்காமல் திரும்பிய வாலிபர் பரிதாப சாவு

அமெரிக்காவில் ஆஸ்துமா நோயாளியான வாலிபர் ஒருவர் வழக்கமான மருந்தை வாங்கக் கடைக்குப் போனார். போன தடவை வரை 66 டாலருக்கு மேல் போகாத மருந்துக்கு, "539 டாலர் எடு" என்றார்கள். அவரிடம் அவ்வளவு பணம் இல்லை. மருந்து வாங்காமல் திரும்பினார். ஐந்தாவது நாள் மூச்சு முட்டி விழுந்தவர், அப்புறம் கண் விழிக்கவே இல்லை.

இது பற்றிய விவரம் வருமாறு:-

விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த அந்த வாலிபருக்கு வயது 22. குழந்தையில் இருந்தே ஆஸ்துமா. வேலையில் இருந்தார். இன்ஷூரன்சும் இருந்தது. "அட்வேர் டிஸ்கஸ்" என்ற மருந்தை தினமும் இழுத்து, நோயைக் கட்டுக்குள் வைத்து இருந்தார்.

2024 ஜனவரி 10-ந் தேதி கடைக்குப் போனபோதுதான் குண்டு விழுந்தது. அந்த மருந்து இன்ஷூரன்ஸ் பட்டியலில் இல்லை, முழு விலையையும் நீங்களே கட்ட வேண்டும் என்று சொன்னார்கள். 539 டாலர் என்றால் அன்றைய கணக்கில் நம்ம பணம் சுமார் 44 ஆயிரம் ரூபாய்!

15-ந் தேதி கடுமையான மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 21-ந் தேதி இறந்து போனார்.

பெற்றோர் 2025 ஜனவரியில் கோர்ட்டுக்குப் போனார்கள். "பட்டியலை மாற்றுவதற்கு 30 நாள் முன்பே தகவல் சொல்ல வேண்டும் என்று எங்கள் மாநிலச் சட்டம் இருக்கிறது. அதைச் செய்யவில்லை" என்பது அவர்கள் புகார். எதிர்த்தரப்பு சொன்ன பதில் என்ன தெரியுமா? பட்டியலில் வேறு மாற்று மருந்துகள் குறைந்த விலைக்கு இருந்தனவாம். அன்றைக்கே அவர் வேறொரு ஆஸ்துமா மருந்தை 5 டாலருக்கு வாங்கிப் போனாராம்.

யார் பக்கம் நியாயம் என்பதைக் கோர்ட் சொல்லட்டும். ஆனால் அந்த 5 டாலர் மருந்தில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு பம்ப்

வீட்டில் வீசிங்காரர் இருந்தால் இது தெரிந்து இருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆஸ்துமாவுக்கு இரண்டு விதமான இன்ஹேலர் உண்டு.

ஒன்று, இழுத்த சில நிமிடத்தில் மூச்சுக் குழாயை விரித்துக் கொடுப்பது. நீலக் கலர் பம்ப் என்று பலர் சொல்வார்கள். அமெரிக்காவில் இதன் பெயர் அல்பியூட்டரால், இங்கே சால்பியூட்டமால். இரண்டும் ஒரே சரக்குதான். அந்த வாலிபர் 5 டாலருக்கு வாங்கியதாகச் சொல்லப்படுவது இதுதான்.

மற்றது ஸ்டீராய்டு கலந்தது. இழுத்தவுடன் ஒன்றும் தெரியாது. தினமும் இழுத்து வந்தால் குழாயின் உள் வீக்கத்தைக் குறைத்து, திணறலே வராமல் தடுக்கும். அட்வேர் இந்த ரகம்.

மனுஷ சுபாவம் என்ன? மூச்சு முட்டும்போது நீல பம்பைத் தேடி ஓடுவோம். நல்லா இருக்கும்போது, "சும்மா இருக்கிற உடம்புக்கு எதுக்கு மருந்து?" என்று மற்றதை மூலையில் போடுவோம். அதுவே 44 ஆயிரம் ரூபாய் என்றால்? கேட்கவே வேண்டாம்.

2014-ல் பிரிட்டனில் டாக்டர்கள் 195 ஆஸ்துமா சாவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். நீல பம்ப் எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேர், சாவதற்கு முந்திய ஒரே வருடத்தில் 12-க்கும் அதிகமாக வாங்கி இருந்தார்கள். தடுப்பு மருந்துக் கணக்கு கிடைத்தவர்களில் 38 சதவீதம் பேர் வாங்கியதோ வருடத்துக்கு 4-க்கும் குறைவு! 2019-ல் 'ஜினா' என்ற உலக ஆஸ்துமா அமைப்பு, நீல பம்பை மட்டும் நம்பி இருக்கும் வைத்தியமே கூடாது என்று அடித்துச் சொல்லி விட்டது.

ஆகவே "மாற்று மருந்து 5 டாலருக்குக் கொடுத்தோமே" என்பது எனக்குச் சமாதானமாகப் படவில்லை. தடுப்பு மருந்துக்கு விலையை ஏற்றிவிட்டு, தாங்கும் மருந்தை மலிவாகக் கொடுப்பது, வீட்டுக் கதவைப் பிடுங்கிக்கொண்டு கையில் தடியைக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

சிறுமி கேட்ட கேள்வி

இந்தப் பம்ப் பிறந்த கதை சுவையானது. 1955-ல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் மெய்சன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அப்போது ரப்பர் குமிழை அமுக்கித்தான் மருந்தை இழுக்க வேண்டும். "தலைக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைக்கக் கூடாதா?" என்று அந்தச் சிறுமி அப்பாவைக் கேட்டாள். மறு வருடமே, 1956-ல், பம்ப் கடைக்கு வந்து விட்டது.

அப்புறம் ஒரு திருப்பம். பம்பில் மருந்தைத் தள்ளும் வாயு ஓசோன் படலத்தை ஓட்டை போடுகிறது என்று 1987-ல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. அதன்படி 2008 டிசம்பர் 31-க்குப் பிறகு பழைய வாயு போட்ட அல்பியூட்டரால் பம்பை அமெரிக்காவில் விற்கத் தடை. புது வாயு போட்ட பம்புக்குப் புதுக் காப்புரிமை. 15 டாலருக்கும் குறைவாக விற்றது, 2013 வாக்கில் 50 முதல் 100 டாலர் வரை ஏறியது. உள்ளே இருந்த மருந்து 1969-ல் வந்த அதே மருந்து!

புது வாயு பம்புக்கு மலிவு விலைப் போட்டிச் சரக்கு வந்தது 2020-ல்தான். அப்போது அனுமதி வாங்கிய கம்பெனிகளில் நம்ம நாட்டு சிப்லாவும் ஒன்று. நீல பம்ப் இறங்கியது.

நடுவில் தரகர்

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மருந்துக் கம்பெனிக்கும் நடுவில் தரகுக் கம்பெனிகள் இருக்கின்றன. எந்த மருந்து பட்டியலில் இருக்கும், எது இருக்காது என்று முடிவு செய்வதில் இவர்களுக்குப் பெரிய கை. பெரிய தரகர்கள் மூன்றே பேர். நாட்டில் எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் சுமார் 80 சதவீதம் இந்த மூவர் கை வழியாகத்தான் போகிறது என்று 2024-ல் மத்திய வர்த்தகக் கமிஷன் அறிக்கை கொடுத்தது.

மருந்துக் கம்பெனி பெரிய விலையைப் போடும். அதில் ஒரு பங்கைத் தள்ளுபடியாகத் திருப்பிக் கொடுக்கும். கவனியுங்கள், தள்ளுபடி போவது நோயாளி பைக்கு அல்ல. அதிகத் தள்ளுபடி கொடுத்த மருந்து பட்டியலில் ஏறும், மற்றது இறங்கும். பொதுவாக ஜனவரி மாதம் பட்டியல் புதுசாகும். அந்த வாலிபர் கடைக்குப் போனதும் ஜனவரியில்தான்.

அதே மாதம் செனட் சுகாதாரக் கமிட்டித் தலைவராக இருந்த பெர்னி சாண்டர்ஸ், நான்கு இன்ஹேலர் கம்பெனிகள் மீது விசாரணை தொடங்கினார். காம்பிவெண்ட் என்ற இன்ஹேலர் அமெரிக்காவில் 489 டாலர், பிரான்சில் 7 டாலர்! அட்வேர் எச்.எப்.ஏ. அமெரிக்காவில் 319 டாலர், பிரிட்டனில் 26! இதை வெளியே போட்டதும் மூன்று கம்பெனிகள் இறங்கி வந்தன. நோயாளி மாதம் 35 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தன. ஆனால் அரசாங்க இன்ஷூரன்சில் இருக்கிற முதியோர், ஏழைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. நான்காவது கம்பெனி அப்போது சேரவே இல்லை.

சட்டத்தில் ஓட்டை

கம்பெனி தயவில் கிடைப்பதைக் கம்பெனி நினைத்தால் எடுத்து விடலாம். அதனால்தான் சட்டமாகவே போடு என்ற குரல். 2025 ஜனவரி முதல் நியூஜெர்சியில் மாதம் 50 டாலர், வாஷிங்டன் மாநிலத்தில் 35, மின்னசோட்டாவில் 25 என்று உச்சவரம்பு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் ஒரு படி மேலே போய், ஆஸ்துமாவுக்கு ஒரு மலிவு விலை மருந்தை நோயாளிக்குச் செலவே இல்லாமல் கொடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் சட்டம் போட்டது.

இலவசம் என்றால் யார் பணம்? எல்லோரும் கட்டும் பிரீமியத்தில்தான் ஏறும். கம்பெனிகள் சொல்லும் இந்த வாதம் பொய் இல்லை. ஆனால் தடுப்பு மருந்து இழுக்காமல் ஒருவர் ஆம்புலன்சில் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்தால், அந்தப் பில் எங்கிருந்து போகிறது? அதுவும் அதே பிரீமியம்தானே. அமெரிக்காவில் ஆஸ்துமாக்காரர்கள் இரண்டரைக் கோடிக்கு மேல். சராசரியாக ஒரு நாளைக்குச் சுமார் 10 பேர் சாகிறார்கள்.

இலவசமாகக் கொடுத்தாலும் இழுக்காதவர் இழுக்க மாட்டார் என்பதும் உண்மைதான். பிரிட்டனில் குழந்தைகளுக்கு மருந்து இலவசம். அங்கேயும் சாவு இருக்கிறது. ஆனால் இழுக்க நினைத்துக் கடை வாசல் வரை வந்தவரைத் திருப்பி அனுப்புவது வேறு கணக்கு.

பெரிய ஓட்டை இன்னொன்று. அமெரிக்காவில் பெரிய முதலாளிகள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பாலிசி வாங்குவது இல்லை. தொழிலாளர் வைத்தியச் செலவைத் தாங்களே ஏற்று, கணக்குப் பார்க்க மட்டும் கம்பெனியை வைக்கிறார்கள். வேலை இன்ஷூரன்சில் இருப்பவர்களில் பத்துக்கு ஆறு பேர் இந்த ரகம். 1974-ம் ஆண்டு மத்திய சட்டப்படி மாநிலச் சட்டம் இவர்களைத் தொடாது. ஒரே தெரு, ஒரே நோய். ஒருவருக்கு உச்சவரம்பு உண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை! கார்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரியே இருக்கும்.

சூட்கேசில் பம்ப்

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பாடு, நமக்கு என்ன என்று கேட்கலாம். நியூஜெர்சியில் மகனோ மகளோ இருக்கிற சென்னைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஊறுகாய், பருப்புப் பொடியோடு நாலு பம்பும் சூட்கேசில் போகிற வீடுகள் உண்டு. நீல பம்ப் இங்கே இருநூறு ரூபாய்க்குள் முடிந்து விடுகிறது. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுக் காட்டினால் காசே வேண்டாம்.

ஆனால் நம்ம ஊரில் பாலிசி வைத்து இருப்பவர்கள் பாலிசிப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம். மாதா மாதம் வாங்கும் இன்ஹேலருக்கு, படுக்கைக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் தவிர, ஒரு பைசா வராது. திணறல் முற்றி 24 மணி நேரம் வார்டில் கிடந்தால் மொத்தப் பில்லையும் எழுதி அனுப்பலாம்.