திரும்பும் சாவி, இயங்க மறுக்கும் எஞ்சின்

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் அல்ட்ராடெக் சிமெண்ட் ஆலையாலும் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் சுரங்கங்களாலும் அறியப்படும் ஊர். கல் ஏற்றும் பழைய லாரிகளும் புதிய கார்களும் அருகருகே ஓடும் இத்தகைய ஊரில், வாகனச் சாவி ஒரு தலைமுறைக்குள் அடைந்துள்ள மாற்றத்தை எளிதில் உணரலாம். டீசல் பம்பு முழுவதும் இயந்திர முறையில் வேலை செய்யும் பழைய லாரியில், சாவி என்பது ஒரு சுவிட்சைத் திருப்பும் உலோகத் துண்டு மட்டுமே; ஆகவே வயர்களை வெளியே இழுத்து ஒன்றோடொன்று சேர்க்கத் தெரிந்தவருக்கு அது தேவைப்படுவதே இல்லை. எஞ்சினின் இயக்கத்தைக் கணினி ஏற்றுக்கொண்ட பிறகுதான், உரிய சாவி அல்லாத எதற்கும் எஞ்சினை இயங்கவிடாத 'இம்மொபிலைசர்' என்னும் ஏற்பாடு பயனுள்ளதாயிற்று.

இதன் முதல் உறுப்பு, சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பொதிந்திருக்கும் 'டிரான்ஸ்பாண்டர்' என்னும் சிறு சில்லு. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் காந்தப்புலம் ஒன்றை உண்டாக்க, அப்புலம் சாவியில் உள்ள நுண்சுருளில் மின்சாரத்தைத் தூண்டி, சில்லு பதிலளிப்பதற்கான ஆற்றலை அந்தக் கணத்திலேயே வழங்குகிறது. சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் மட்டுமே செயல்படும் இப்புலத்துக்கு, சாவியின்மீது படியும் சுண்ணாம்புத் தூசியோ கிரீஸோ தடையாவதில்லை.

தொடக்ககாலச் சில்லுகள் மாறாத ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பியதால், அதை ஒருமுறை கேட்டுப் பதிந்தவரே போலி சாவி செய்துவிட முடிந்தது. இக்குறையை நீக்க வந்ததே கேள்வி–பதில் முறை: வாகனம் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணொன்றை அனுப்ப, சாவி தன்னுள் மறைந்திருக்கும் இரகசிய எண்ணைக்கொண்டு அதைக் கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்புகிறது, அதே கணக்கை வாகனமும் போட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால் அனுமதி தருகிறது. ஒத்துப்போகாவிடில் இசியு எனப்படும் எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி எரிபொருளையோ தீப்பொறியையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ நிறுத்திவைக்கிறது. சில வண்டிகளில் செல்ஃப் எடுக்காது. வேறு சிலவற்றில் எஞ்சின் உயிர்பெற்று ஓரிரு நொடிகளில் அணைந்துவிடும். சாதாரணக் கடையில் வெட்டிய டூப்ளிகேட் சாவி கதவைத் திறந்தும் வண்டியைக் கிளப்பாததன் காரணமும் இதுவே.

இரகசிய எண்ணின் நீளத்தையும், அது தேர்ந்தெடுக்கப்படும் விதத்தையும் பொறுத்தே இதன் வலிமை அமைகிறது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் 40 பிட் சில்லில் சாத்தியமான எண்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 10 ஆயிரம் கோடி; ஆயினும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்த குழு 2005-இல் அதன் இரகசிய எண்ணை ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துக் காட்டியது. பின்னர் வந்த 80 பிட் சில்லை டொயோட்டா, ஹூண்டாய், கியா நிறுவனங்களின் சில மாடல்களில் எளிதில் ஊகிக்கத்தக்க எண்களோடு பயன்படுத்தியிருந்தது 2020-இல் வெளிப்பட்டது. நீளமான எண்ணை வாங்கி அதன் பெரும்பகுதியை வீணடித்த இச்செயலைத் தொழில்நுட்பத்தின் தோல்வி என்பதைவிட அலட்சியம் என்பதே பொருந்தும்.

இருப்பினும், குறையுள்ள இம்மொபிலைசரும் இல்லாமையைவிட மிக மேலானது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. வான் ஊர்ஸ், வொல்லார்ட் ஆகிய பொருளியலாளர்கள் நெதர்லாந்துத் தரவுகளை ஆராய்ந்து, 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் கார்த் திருட்டு இதனால் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டனர். இத்தகைய கட்டாயம் இல்லாத அமெரிக்காவில், 2015 மாடல் ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்திலும் பிற நிறுவனங்களின் கார்களில் 96 சதவீதத்திலும் இக்கருவி இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் இக்கருவி இல்லாதவற்றை யுஎஸ்பி முனையொன்றால் திருப்பிக் கிளப்பும் வீடியோக்கள் 2021-க்குப் பின் பரவியபோது, திருட்டுகள் பெருகின. அதே நிறுவனங்கள் கனடாவில் விற்ற கார்களில் சட்டப்படி இம்மொபிலைசர் இருந்ததால் அங்கு அந்த வித்தை பலிக்கவில்லை.

தேர்ந்த திருடர்கள் இன்று கணக்கை உடைக்க முயல்வதைவிட அதைச் சுற்றிச் செல்வதையே விரும்புகின்றனர். பழுதறிவதற்காக ஸ்டியரிங்குக்குக் கீழே வைக்கப்பட்டுள்ள ஓபிடி இணைப்பில் கருவியைச் செருகி, புதிய சாவி ஒன்றை இசியுவின் நினைவகத்தில் உரியதாகப் பதிவு செய்வது ஒரு வழி. பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை இடைக்கருவிகளால் காருக்குக் கடத்துவது மற்றொரு வழி. இரண்டிலும் இம்மொபிலைசர் ஏமாறுவதில்லை. தனக்குக் காட்டப்பட்ட சாவியை விதிப்படியே ஏற்றுக்கொள்கிறது.

கதவைத் தொலைவிலிருந்து திறக்கும் ரிமோட்டும் இம்மொபிலைசரும் வெவ்வேறானவை என்பதால், ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தாலும் சில்லு வேலை செய்யும். அதனால்தான் பல கார்களில் பேட்டரி தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பொத்தானருகே பிடித்தால் எஞ்சின் இயங்குகிறது. பழைய கார் வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றும் உண்டு: முந்தைய உரிமையாளரிடம் தங்கிவிட்ட சாவியை ஆர்சி புத்தகத்தில் பெயர் மாறியது அறியாத இசியு தொடர்ந்து ஏற்றுக்கொள்ளும் ஆதலால், சர்வீஸ் சென்டரில் பதிவுகள் அனைத்தையும் அழிக்கச் செய்து, கையில் உள்ள சாவிகளை மட்டும் மீண்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.