40 சதுரடிக் குளியலறை: ஒரு வரவு செலவுக் கணக்கு

திருச்சியில் எங்கள் வீட்டுக் குளியலறை 8 அடி நீளம், 5 அடி அகலம். பழைய டைல்ஸைப் பெயர்த்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, புது டைல்ஸ் ஒட்ட ஒரு கான்ட்ராக்டரிடம் பேசிய கூலி 23,285 ரூபாய். பொருள் எங்களுடையது. வேலை முடிந்தபின் கணக்குப் பார்த்தால், தேவைக்கு மேல் போன பொருளும் கூலியும் 9,782 ரூபாய். தரையை உடைத்து மறுபடி போட்ட செலவு 12,650 ரூபாய். இரண்டும் சேர்ந்து 22,432. பேசிய கூலிக்கு ஏறக்குறைய சமமான தொகை வீணாகியிருக்கிறது. அது எந்த வழியில் போனது என்று தெரிந்தால், அடுத்து வேலை கொடுப்பவராவது தடுத்துக்கொள்ளலாம்.

அளவு

டைல்ஸ் ஒட்டுவது 7 அடி உயரம் வரை. நான்கு சுவரின் சுற்றளவு 26 அடி. 7 அடிக்கு 182 சதுரடி. கதவு இரண்டரை அடிக்கு 7 அடி, அதாவது 17.5 சதுரடி. அதைக் கழித்தால் சுவர் 164.5, தரை 40, மொத்தம் 204.5 சதுரடி.

கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தது 273. உயரத்தை 8 அடியாக எடுத்திருந்தார்: 208. கதவைக் கழிக்கவில்லை. தரை 40 சேர்த்து 248. அதன்மேல் 10 சதவீதம் சேதாரம். சேதாரம் பொருளுக்கு உண்டு, கூலிக்குக் கிடையாது. வெட்டி எறிந்த துண்டை யாரும் சுவரில் ஒட்டுவதில்லை. சதுரடிக்கு 45 ரூபாய் வீதம் 68.5 சதுரடிக்கு மிகைக்கூலி 3,082 ரூபாய்.

பொருள்

சுவருக்கு 12 அங்குலத்துக்கு 18 அங்குல டைல்ஸ். ஒன்று 1.5 சதுரடி, பெட்டிக்கு 6, அதாவது 9 சதுரடி. 164.5 சதுரடியோடு 10 சதவீதம் சேதாரம் சேர்த்தால் 181. வேண்டியது 21 பெட்டி. அவர் கேட்டு வாங்க வைத்தது 26. மிகை 5 பெட்டி, 45 சதுரடி; சதுரடி 50 ரூபாய் வீதம் 2,250 ரூபாய். பிரிக்காத பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வார். எல்லாப் பெட்டியும் முதலிலேயே பிரிக்கப்பட்டிருந்தன.

கலவைக்கும் கணக்கு உண்டு. சுவருக்கு 15 மில்லிமீட்டர் கனம், தரைக்கு வாட்டத்தோடு சேர்த்து சராசரி 40 மில்லிமீட்டர், ஒன்றுக்கு நான்கு கலவை என்று வைத்தால் சிமெண்ட் சுமார் 145 கிலோ. டைல்ஸின் முதுகில் தடவும் சிமெண்ட் பாலுக்கு 75 கிலோ. மொத்தம் 220 கிலோ, 50 கிலோ மூட்டையில் 5. மணல் 15 கன அடி போதும். வந்து இறங்கியது சிமெண்ட் 10 மூட்டை, மணல் அரை யூனிட், அதாவது 50 கன அடி. மூட்டை 400 ரூபாய் வீதம் மிகை சிமெண்ட் 2,000. யூனிட் 7,000 ரூபாய் வீதம் மிகை மணல் 35 கன அடிக்கு 2,450. மீந்த சிமெண்ட் ஈரம் பட்டுக் கட்டியாகிவிட்டது.

மிகைச் செலவு:
- கூலி: 3,082
- டைல்ஸ்: 2,250
- சிமெண்ட்: 2,000
- மணல்: 2,450
- மொத்தம்: 9,782 ரூபாய்

தரம்

சுவரில் ஒட்டியவை சுமார் 110 டைல்ஸ். ஒரு நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் 31 டைல்ஸில் உள்ளே வெற்றிடம் இருப்பது ஒலியில் தெரிந்தது. நூற்றுக்கு 28. சுவருக்கான செராமிக் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும் வகை. ஊறவைக்காமல் ஒட்டினால் கலவையிலுள்ள தண்ணீரை அது உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது, பிடிப்பும் வராது. முதுகு முழுவதும் பால் தடவாமல் நடுவில் மட்டும் கலவையை வைத்து அழுத்தினாலும் ஓரங்கள் பொள்ளலாக நிற்கும். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தன.

தரையில் நூற்றுக்கு ஒன்று வாட்டம் என்றால் 8 அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் இறங்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் இறக்கம் கால் அங்குலம்தான். கதவோரத்தில் வாட்டம் எதிர்ப்பக்கம் இருந்தது. குளித்த தண்ணீர் வாசற்படியில் தேங்கியது. தடுப்புப் பூச்சு இரண்டு முறை பூச வேண்டியது. ஒரே முறை பூசி, தண்ணீர் கட்டிச் சோதிக்காமல், மறுநாள் காலையிலேயே கலவை கொட்டப்பட்டது. விரைவிலேயே கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் படர்ந்தது.

தரை மறுவேலை:
- டைல்ஸ் 5 பெட்டி, 50 சதுரடி, 55 ரூபாய் வீதம்: 2,750
- சிமெண்ட் 2 மூட்டை: 800
- தடுப்புப் பூச்சு: 2,400
- கொத்தனார், சித்தாள் 3 நாள், நாளுக்கு 1,900 வீதம்: 5,700
- இடிபாடு அள்ள: 1,000
- மொத்தம்: 12,650 ரூபாய்

கூலியின் உள்கணக்கு

இந்த அவசரம் கொத்தனாரின் திறமைக் குறைவால் வந்ததல்ல. சரியான அளவான 204.5 சதுரடிக்கு 45 ரூபாய் வீதம் கூலி 9,202. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் நாளுக்கு 1,900 ரூபாய். மூன்றே நாளில் முடித்தால் கான்ட்ராக்டருக்கு 3,502 ரூபாய் நிற்கும். நான்கு நாளானால் 1,602. ஐந்தாவது நாள் கைநட்டம். டைல்ஸ் ஊறும் நேரமும், பூச்சு காயும் நேரமும், 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வைக்கும் சோதனையும் சதுரடியில் வருவதில்லை. சதுரடிக் கூலி மூடிய பரப்புக்குத்தான் பணம் தருகிறது, காத்திருப்புக்குத் தருவதில்லை. அதனால் முதலில் வெட்டுப்படுவது காத்திருப்பு. நாட்கூலி வாங்கும் கொத்தனாருக்கு அந்த அவசரத்தில் ஒரு ரூபாய் லாபமும் இல்லை. சாயந்திரத்துக்குள் ஒட்டி முடி என்ற உத்தரவு மட்டும்தான் அவருக்கு வருகிறது.

பணம் கொடுத்த வரிசை

வேலை தொடங்குமுன் அட்வான்ஸ் 12,000. பேசியதில் பாதிக்கு மேல். தரை ஒட்டிய அன்று 10,000. ஆக 22,000, நூற்றுக்கு 94. பாக்கி 1,285 ரூபாய். இணைப்பு அடைப்பதும், குழாய் ஓரங்களைச் சரிசெய்வதும், கழுவி ஒப்படைப்பதும் மிச்சம். அதற்கு ஓர் ஆள்ஜோடியை ஒருநாள் அனுப்பினால் அவருக்குச் செலவு 1,900. வந்தால் 615 ரூபாய் நட்டம் என்ற நிலையில் அவர் வரவில்லை. கேட்டபோதெல்லாம் வேறு சைட்டில் இருப்பதாகப் பதில் வந்தது.

சரியான அளவுக்குக் கூலி 9,202, பெயர்ப்பதற்கு 6,000, பூச்சு வேலைக்கு 5,000; மொத்தம் 20,202. இதை இப்படிப் பிரித்து எழுதி இரு தரப்பும் கையெழுத்திடலாம்:
- தொடக்கத்தில்: 10 சதவீதம்
- பூச்சு முடிந்து 24 மணி நேரத் தண்ணீர்ச் சோதனையில் தேறியபின்: 25
- சுவர் முடிந்து தட்டிப் பார்த்தபின்: 30
- தரையில் வாளித் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்தபின்: 20
- இணைப்பு அடைத்து, கழுவி ஒப்படைத்தபின்: 15

கடைசி 15 சதவீதம் 3,030 ரூபாய். ஒருநாள் கூலியான 1,900-ஐவிட அதிகம் என்பதால் திரும்பி வர அவருக்குக் காரணம் இருக்கும்.

சட்டம்

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, காசு கொடுத்துப் பெற்ற சேவையில் குறை இருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கையெழுத்திட்ட அளவுத்தாள், வங்கி வழியே பணம் போன பதிவு, தேதியுள்ள படங்கள் மூன்றும் இருந்தால் வழக்கு நிற்கும்.

காத்திருப்புக்கும் ஒரு வரி

மதிப்பீட்டுத் தாளில் இன்னொரு வரியும் வேண்டும்: தண்ணீர் கட்டிய நாளுக்குக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி, 1,900 ரூபாய். கான்ட்ராக்டரின் லாபத்தில் கை வைக்காமல் வீட்டுக்காரர் தனியாகக் கொடுக்க வேண்டிய பணம் அது. தரையை உடைத்துப் போட்ட 12,650-இல் அது 15 சதவீதம். கொத்தனார் அவசரப்படாமல் வேலை செய்யவும், கீழ்வீட்டுக் கூரை நனையாமல் இருக்கவும் அந்த 1,900-ஐப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.