மெல்லிசையும் மலையாள நாடும்

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று கேரள மாநிலம் தோன்றியது. திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என நெடுங்காலம் பிரிந்து கிடந்த மலையாளிகள் அன்று ஒரு குடைக்கீழ் வந்தனர். ஆயின் அவர்கள் ஒரே பாட்டைப் பாடத் தொடங்கியது அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே எனலாம். 1954-இல் வெளிவந்த 'நீலக்குயில்' என்னும் திரைப்படத்தின் பாடல்களையே இங்குக் குறிக்கின்றேன்.

அதற்கு முன்னர் மலையாள நாட்டின் மேடைப்பாட்டு பெரும்பாலும் தமிழ்ப் பாட்டின் நிழலாகவே இருந்தது. தமிழ்ச் சங்கீத நாடகக் கம்பெனிகள் மலையாள நாட்டில் ஊர்தோறும் கொட்டகையிட்டு ஆடின. அவற்றைக் கண்டே மலையாளத்திலும் சங்கீத நாடகங்கள் எழுந்தன. மலையாளத்தின் முதற் பேசும்படமான 'பாலன்' (1938) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் எடுத்ததே. அந்நாளைய படப்பாடல்கள் பல, தமிழ், இந்தி மெட்டுகளில் மலையாளச் சொற்களைப் பெய்து வைத்தவை. மெட்டு இரவல், சொல் மட்டுமே சொந்தம்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் தலைசேரியிற் பிறந்த கே. ராகவன். அவர் கோழிக்கோடு வானொலி நிலையத்தில் பணியாற்றியவர். வானொலியைச் சார்ந்தோர் இதனைச் சொல்லிச் சற்றுப் பெருமை கொள்வது மன்னிக்கத்தக்கதே. பி. பாஸ்கரன் இயற்றிய பாடல்களுக்கு அவர் மலபார்ப் பகுதியின் நாட்டுப்பாடற் சந்தங்களையும் மாப்பிளைப் பாட்டின் நடையையும் அடிப்படையாகக் கொண்டார். ஒரு பாடலைத் தாமே பாடவும் செய்தார். முஸ்லிம் மக்கள் தம் இல்லங்களிலும் திருமணங்களிலும் பாடிவந்த நடையை நாடு முழுவதும் தன்னுடையதென ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் நாடக மேடையில் ஓ.என்.வி. குறுப்பும் ஜி. தேவராஜனும் அத்தகைய பணியையே வேறு வழியிற் செய்தனர்.

இத்தகைய நிகழ்ச்சி மலையாளத்திற்கு மட்டும் உரியதன்று. போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரின் எளிய குடியிருப்புகளிலும் மதுக்கடைகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்த 'ஃபாது' என்னும் சோகப்பாட்டு, பின்னர் அந்நாட்டின் அடையாளமாகவே கருதப்பட்டது. அதன் வேர்கள் பிரேசிலில் உள்ளன என்பார் பலர். 1974-ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின், வீழ்ந்த சர்வாதிகாரத்தோடு சேர்த்து எண்ணப்பட்டு அப்பாட்டு சில காலம் மதிப்பிழந்ததும் உண்டு. 2011-இல் யுனெஸ்கோ அதனை மானிடரின் மரபுச் செல்வப் பட்டியலிற் சேர்த்தது.

இனி, 'செம்மீன்' (1965) படத்தை எடுத்துக்கொள்வோம். தகழியின் கதை, வயலாரின் பாடல்கள், களம் கேரளக் கடற்கரை. இசையமைத்தவரோ வங்காளத்தவரான சலீல் சௌதுரி. காதலியை எண்ணிக் கரையிலிருந்து ஏங்கும் அப்பாடலைப் பாடியவர் மற்றொரு வங்காளியான மன்னா டே. அவருடைய மலையாள உச்சரிப்பில் அயன்மை தோன்றவே செய்கிறது. எனினும் அதனைத் தம் கடலின் குரலாகவே மலையாளிகள் போற்றுகின்றனர். இதனை முரண் என்பாரும் உளர். பாட்டின் குடியுரிமையை அளிப்போர் அதனைக் கேட்போரே என்பது என் எண்ணம்.

திருவனந்தபுரத்துத் தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. தமிழில் பக்திப் பாடல்களை இயற்றிய நீலகண்ட சிவன் இந்நகரின் கரமனைப் பகுதியில் வாழ்ந்தவர். சிறுவயதில் தாயுடன் இந்நகர்க்கு வந்து இங்கேயே கல்வி கற்ற இராமய்யா, அவருடைய பஜனைகளிற் கலந்துகொண்டு பாட்டில் தோய்ந்தார். அவரே பின்னாளில் பாபநாசம் சிவன் எனப் புகழ்பெற்று, 'சிவகவி', 'அசோக்குமார்' முதலிய படங்களுக்குப் பாட்டெழுதினார். தமிழ்நாடு முழுவதும் தியாகராஜ பாகவதரின் குரலிற் கேட்டு மயங்கிய தமிழுக்கு ஊற்றுக்கண்களுள் ஒன்று திருவிதாங்கூர்த் தலைநகரில் இருந்தது! 1956-இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, நிலம் பிரிக்கப்பட்டது. கரமனைத் தெருவின் பாட்டை எப்பக்கம் சேர்ப்பதென எந்தக் குழுவும் வரையறுக்கவில்லை.

மலையாளப் படப்பாடல்கள் மேலும் பல ஆண்டுகள் சென்னையிலேயே, பெரிதும் சென்னை வாத்தியக்காரர்களைக் கொண்டே ஒலிப்பதிவாயின. கே.ஜே. யேசுதாஸின் முதற் பாடலும் 1961-இல் அங்கேதான் பதிவாயிற்று. 1980-இல் அவர் திருவனந்தபுரத்தில் 'தரங்கிணி' நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ஓணப் பாடல் நாடாக்கள், வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்ற மலையாளிகளின் பெட்டிகளில், ஊறுகாய்க்கும் வாழைக்காய் வறுவலுக்கும் நடுவே இடம்பெற்றுக் கடல் கடந்தன.