தட்டிப் பார்த்து அறியும் கல்லீரல்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் சக்கை (பலாப்பழம்) பறிக்கிறவர்கள் விரலால் தட்டி, எழும் ஓசையைக் கேட்டே விளைந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். ஃபைப்ரோஸ்கேன் கருவி கல்லீரலை ஏறக்குறைய அப்படித்தான் சோதிக்கிறது.

மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போய் மல்லாந்து படுத்தால், வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையில் கருவியின் முனை மெல்லத் தட்டும். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைக் கேளா ஒலி அளக்கும். மென்மையான ஈரலில் அதிர்வு மெதுவாகச் செல்லும். தழும்பேறி இறுகிய ஈரலில் விரைந்து ஓடும். பத்து முறையாவது தட்டி, நடு அளவைக் கிலோபாஸ்கலில் சொல்வார்கள். அது 8-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இப்படித் தேடிப் போய்ப் பார்க்கக் காரணம் உண்டு. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரலின் உட்பகுதி வலியை உணராது. மதுவாலோ, உடல் பருமனாலோ, நீரிழிவாலோ அதில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. சிலருக்கு அந்தக் கொழுப்பு அழற்சியாகி, தழும்பாகி, ஈரல் சுருக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. கண் மஞ்சளாகி வயிற்றில் நீர் கோக்கும்போது ஆண்டுகள் பல கடந்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி சரியாக இருப்பதாலேயே கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

குடிக்காதவர்களுக்கு வரும் கொழுப்பு ஈரலையும் 2021-இல் இந்திய அரசு தனது தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. ஆனால் தடுப்பு வேலை நடக்க வேண்டிய இடம் நம் ஊரும் அடுக்களையும்தான். அதற்கு நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே ஒரு சான்று இருக்கிறது. நீரிழிவு வரும் அபாயமுள்ள 1,007 பேரை வைத்து, 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 2013 முதல் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பகுதிகளில் மக்கள் ஓராண்டு குழுவாகக் கூடினார்கள். வழிநடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே. 2018-இல் வெளியான முடிவின்படி, நீரிழிவு குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு இல்லை. ஆனால் குழுவாகக் கூடியவர்களிடம் குடி குறைந்தது, காய்கறியும் பழமும் தட்டில் கூடின. ஆய்வு கல்லீரலை அளக்கவில்லை. என்றாலும் கல்லீரலைக் காக்கும் மாற்றங்கள் இவைதான்.

பருமனாக உள்ளவர் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரல் கொழுப்பும் அழற்சியும் தணியும். தொடக்க நிலைத் தழும்பும் குறையக்கூடும். மதுவை அறவே விடுவதே நல்லது. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது மஞ்சள் காமாலையைப் பரப்பும் ஹெபடைடிஸ் ஏ கிருமியைத் தடுக்கும்.

எல்லோருக்கும் கருவி தேவையில்லை. வயது, இரண்டு ஈரல் நொதிகள், ரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் ஃபிப்-4 கணக்குப் போடுவார். அதில் சந்தேகம் எழுந்தால் ஃபைப்ரோஸ்கேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போதே அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். வலிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாத உறுப்பு இது.